பழைய கூட்டில் புதிய கோழி

நேயர்களே, கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளர் பேச முன்வருவது பொருத்தந்தானா என்று உங்களுள் சிலர் ஐயுறக்கூடும். நாம் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர். மத்திய அரசு அலுவலகமொன்றில் சுற்றறிக்கைகளையும் விதிமுறைகளையும் தமிழாக்கிக் காலந்தள்ளுபவர். கால்நடைக் கல்லூரியின் வாயிலை மிதித்தவரல்லர். ஆயினும் ஒரே ஒரு சொல்லைத் தவறாகப் பொருள் கொண்டமையால் இரண்டு வீட்டுக் கோழிகள் மாண்டுபோகக் காரணமாயிருந்தவர் என்ற தகுதி நமக்கு உண்டு. அந்தத் தகுதியின் பேரிலேயே இன்று உங்கள் முன் வருகிறோம்.

நாம் குடியிருப்பது கோட்டுகால். கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபொழுது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குள் காலெடுத்து வைத்தால் தமிழ்நாடு. அதனால் இப்பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுகின்றன. அருகிலுள்ள பாலராமபுரத்தில் கைத்தறி நெய்யும் சாலியர்களின் முன்னோர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மாவின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களே. வெளியூரிலிருந்து வந்தவர்க்கு இந்த மண்ணில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் வந்தவர், வந்த இடத்தின் சொல்லையும் வழக்கத்தையும் அறிந்து நடக்க வேண்டும். கோழிக்கும் அவ்வாறே என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் புறக்கடையில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சந்தையில் ஒரு கருப்புப் பெட்டையைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினோம். விற்றவரிடம் விலையைக் கேட்டோமேயன்றி வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கால் கட்டை அவிழ்த்து, மற்றக் கோழிகளின் நடுவே விட்டோம். வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த அண்டை வீட்டு அம்மச்சி இதைப் பார்த்துவிட்டு, "சாரே, வசந்த உள்ள சமயமாணு, நோக்கணே" என்றார்.

நாம் மேலே பார்த்தோம். மாமரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. தென்றலும் இல்லாமலில்லை. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் வசந்த காலத்தின் அழகைக் காணுமாறு நமக்குச் சொல்லுகிறார் என்று எண்ணி, "ஆமாம் அம்மச்சி, அருமையான வசந்தம்" என்று மகிழ்ந்து மறுமொழி கூறினோம். அம்மச்சி நம்மை ஒரு விதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை கருப்புப் பெட்டை சிறகைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் உறங்கி விழுந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறியது. மறுநாள் இறந்தது. அடுத்த சில நாட்களில் நம் பழைய கோழிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப்புறம் திரும்பிவிட்டது. நோய் அத்தோடு நிற்கவில்லை. வேலியடியில் இரு வீட்டுக் கோழிகளும் சேர்ந்து கிளறுவது வழக்கம். நாமும் அதே செருப்போடு அங்குமிங்கும் நடந்தோம். பத்து நாட்களுக்குள் அம்மச்சியின் கோழிகள் ஏழும் மடிந்தன. முட்டை விற்ற பணத்தில்தான் அம்மச்சி தம் மருந்துச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் அப்பொழுதுதான் அறிந்தோம்.

மிருகாசுபத்திரிக்கு ஓடினோம். மருத்துவர் ஒரே சொல்லில் விளக்கினார்: "கோழிவசந்த." தமிழில் நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் கொடிய நோய்க்கு மலையாளத்தில் அதுவே பெயர். இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு மூதாட்டி நல்லெண்ணத்தோடு விடுத்த எச்சரிக்கையைப் பருவ வருணனையாக மொழிபெயர்த்துக்கொண்டோம்.

இந்த நோய் உலகத்தின் கவனத்துக்கு வந்தது 1920-களின் பிற்பகுதியில். 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் கண்டறியப்பட்டது. அதை அடுத்து இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டமையால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் காக்கும் தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுவது வழக்கமான முறை. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும்; வெயிலில் சூடேறிய மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். ஏற்கெனவே நோயுற்ற கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

இறந்த கோழிகளை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். கூட்டைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் வெறுமையாக விட்டோம். அம்மச்சியிடம் கோழிகளின் விலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபொழுது அவர் வாங்கவில்லை. "போயது போய் சாரே. இனி சோதிச்சு வாங்ஙணும்" என்றார். இம்முறை நாம் ஏமாறவில்லை. அந்தச் சொல்லின் பொருளை அங்கேயே கேட்டோம். தமிழில் சோதித்தல் என்றால் ஆராய்ந்து பார்த்தல். மலையாளத்திலோ, சோதித்தல் என்றால் கேட்டல், வினவுதல். கேட்டு வாங்க வேண்டும் என்பதே அம்மச்சி சொன்னது. பின்னால் யோசித்துப் பார்த்தால், புதுக்கோழி வாங்குகிறவருக்கு இரண்டு பொருளும் தேவைப்படுகின்றன.

ஓராண்டு கழிந்தபின் அம்மச்சி தந்த குஞ்சுகள் வளர்ந்து நம் புறக்கடை மீண்டும் நிரம்பியது. அப்பொழுது மேலும் இரண்டு வெடைக்கோழிகளைச் சேர்க்க விரும்பினோம். ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமப்ரியா என்னும் இனம் அவை. இம்முறை அம்மச்சியின் அனுபவத்தையும் மருத்துவரின் ஆலோசனையையும் துணைக்கொண்டு நடந்தோம். அந்த முறையைப் படிப்படியாகக் கூறுகிறோம்.

முதலாவது, கேட்டலும் சோதித்தலும். எந்த வயது, எந்தெந்தத் தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டது, அந்த வீட்டிலோ பண்ணையிலோ அண்மையில் கோழிகள் இறந்தனவா என்று கேட்க வேண்டும். பிறகு கோழியைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். கண் தெளிவாகவும் மூக்குத்துளை உலர்ந்தும் இருக்கிறதா, எச்சம் ஒட்டாமல் பின்புறம் தூய்மையாக இருக்கிறதா, இறக்கையடியில் பேன் உண்டா, கால் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

இரண்டாவது, தனித்து வைத்தல். பார்வைக்கு எவ்வளவு நலமாகத் தோன்றினும் புதிய கோழியை ஒரு மாத காலம் தனியே வைப்பது நல்லது. வெள்ளைக்கழிச்சல் உடலில் புகுந்து வெளித்தெரியச் சாதாரணமாக ஐந்தாறு நாட்கள் ஆகும். சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். வேறு நோய்கள் இன்னும் மெல்ல வெளிப்படும். தனியே என்றால் அதே புறக்கடையில் இரண்டு முழம் தள்ளி அன்று, வீட்டின் மறுபக்கம். தீனித் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், செருப்பு யாவும் வேறாக இருக்க வேண்டும். முதலில் பழைய கோழிகளுக்கு இரை வைத்துவிட்டுப் பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். திரும்பியதும் கைகால் கழுவ வேண்டும். நாம் நம் வெடைக்கோழிகளை வீட்டு முன்புறத்தில் முப்பது நாட்கள் வைத்திருந்தோம். வருவோர் போவோரெல்லாம் காரணம் கேட்டனர். யாவருக்கும் சொன்னோம்.

மூன்றாவது படியைக் கூறுமுன், கோழிகளின் சமூக வாழ்க்கையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நார்வே நாட்டில் தொர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர் இருந்தார். சிறு வயது முதலே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார் என்று குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. தம் முடிவுகளை 1920-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். கோழிக் கூட்டத்தில் ஒரு கொத்துவரிசை உண்டு என்பதே அவர் கண்டது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். அதை எதுவும் திருப்பிக் கொத்தாது. இரண்டாவது கோழி, முதலாவது நீங்கலாக மற்றவற்றைக் கொத்தலாம். இப்படியே இறங்கிக் கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்துப்படும். சில கூட்டங்களில் ஒன்று இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மீண்டும் முதலாவதையும் கொத்தும் வேடிக்கையும் உண்டு. அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த வரிசை கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் அமைதி. தன் இடம் எது என்று ஒவ்வொரு கோழியும் அறிந்துவிட்டால் நாள்தோறும் சண்டையிட வேண்டியதில்லை. ஒரு பார்வையிலேயே காரியம் முடிந்துவிடும். புதிய கோழி வரும்பொழுது வரிசை முழுவதும் குலைகிறது. அதற்கு எந்த இடம் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கோழியும் அதனோடு தனித்தனியே வழக்குத் தீர்த்துக்கொள்ள முற்படுகிறது. இதைத்தான் நாம் சண்டை என்கிறோம்.

கோழிகள் ஒன்றையொன்று எவ்வாறு அடையாளம் காண்கின்றன என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் கூல், ஓர்ட்மன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், கோழியின் தோற்றத்தை மாற்றிக் கூட்டத்தில் விட்டுப் பார்த்தனர். தலையிலும் கழுத்திலும் செய்த மாற்றமே மற்றக் கோழிகளை மிகவும் குழப்பியது. கொண்டையும் முகமுமே கோழிக்கு அடையாளச் சீட்டு. பழகிய கோழியே இரண்டு மூன்று வாரம் பிரிந்திருந்து திரும்பினால் அந்நியமாகக் கருதப்பட்டுக் கொத்துப்படுவதுண்டு.

இதிலிருந்து மூன்றாவது படி தெளிவாகும்: முகம் பார்த்துப் பழகச் செய்தல். தனித்து வைத்த மாதம் முடிந்தபின், புதிய கோழிகளைப் பழைய கூட்டத்தின் கண்ணெதிரே, ஆனால் அலகுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கம்பி வலைத் தட்டி ஒன்று போதும். அம்மச்சி அதற்கும் செலவு வைக்கவில்லை. பெரிய பஞ்சாரம் ஒன்றைக் கொண்டுவந்து புறக்கடை நடுவே கவிழ்த்து, அதனுள் வெடைக்கோழிகளை விட்டு, மேலே ஒரு கல்லை வைத்தார். பகல் முழுவதும் அவை உள்ளே, மற்றவை வெளியே. முதல் நாள் நம் மூத்த பெட்டை பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மூங்கில் இடுக்கில் கொத்தியது. நான்காம் நாள் அலட்சியமாகக் கடந்து போயிற்று. எட்டாம் நாள் அதன் நிழலில் படுத்து மண்குளியல் செய்தது. பஞ்சாரத்தின் இருபுறமும் அருகருகே இரை தூவுவது நன்று. ஒன்றாக உண்பது பழக்கத்தை வளர்க்கும். வாரம் முதல் பத்து நாள் இதற்குப் போதும்.

நான்காவது, ஒன்றாக விடுதல். இதில் சில எச்சரிக்கைகள் உள்ளன. தனிக் கோழி ஒன்றைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்ப்பது மேல். கொத்தும் பகையும் பங்கிடப்படும், தோழமையும் இருக்கும். பருவமடையாத சிறு குஞ்சுகளை வளர்ந்த கோழிகளோடு விடலாகாது. வலுவின்மை ஒரு காரணம், தீனி மற்றொன்று. முட்டையிடும் கோழிக்கான தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணச்சத்து மிகுதியாகச் சேர்த்திருப்பர். அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடலளவில் ஏறத்தாழ ஒத்தபின் சேர்ப்பதே முறை.

இரவில் புதிய கோழியை எடுத்துப் பழையவற்றோடு கூட்டில் அமர்த்தினால் காலையில் சண்டையே இராது என்று கிராமத்தில் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆதலால் அப்பொழுது கலகம் எழாது. ஓர் இரவு ஒரே கூட்டில் கழிந்துவிடும். ஆனால் விடிந்ததும் முகம் தெரியத்தானே செய்யும்? ஆகவே இரவில் அமர்த்துகிறவர் விடியுமுன் எழுந்து கூட்டருகே இருக்க வேண்டும். முகப்பழக்கம் ஏற்படுத்தாமல் இரவு முறையை மட்டும் நம்புவது, சேவல் கூவுமுன் உறங்கிப்போகும் காவல்காரனை நம்புவது போலாகும்.

புறக்கடையில் இரையும் தண்ணீரும் குறைந்தது இரண்டிடங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றில் நிற்கும் கோழிக்கு மற்றது தெரியாதபடி அமைப்பது சிறப்பு. இல்லையேல் முதல் கோழியே இரண்டையும் காவல் காக்கும். ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை, வாழைக் கன்றுகள் எதுவாயினும் ஆகும். முட்டுச்சந்தாக இல்லாமல் இருபுறமும் வழி இருந்தால், துரத்தப்படும் கோழி தப்பிச் செல்லும். முதல் சில நாட்கள் வீட்டில் எவரேனும் இருப்பது அவசியம். நாம் சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தோம்.

எது சண்டை, எது ஆபத்து என்று பிரித்தறிய வேண்டும். கழுத்து மயிரைச் சிலிர்த்து எதிரெதிர் நிற்பதும், தலையில் ஓரிரு கொத்தும், சிறிது தூரம் துரத்துவதும் இயற்கை. அதில் தலையிட்டுப் பிரித்தால் வழக்கு முடிவு பெறாமல் நாளைக்குத் தள்ளிப்போகும். ஆனால் இரத்தம் கண்டால் உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்ட கோழிகள் யாவும் அந்த இடத்திலேயே கொத்தும். மெல்லிய காயம் சாவில் முடியும். காயத்தைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் இட்டு, ஆறும் வரை தனியே வைக்க வேண்டும். இரை எடுக்கவே விடாமல் ஒரு கோழியை நாள் முழுதும் பலர் துரத்தினாலும் அவ்வாறே.

கூட்டத்தில் ஒரே ஒரு கோழி மட்டும் அடங்காத கொடுமைக்காரியாக இருப்பதுண்டு. அப்பொழுது அடிபட்டதை அகற்றாமல் அடித்ததை அகற்ற வேண்டும் என்றார் அம்மச்சி. நம் மூத்த பெட்டையை நான்கு நாள் பஞ்சாரத்துக்குள் அடைத்தோம். அதற்குள் மற்றவை வெடைக்கோழிகளோடு இசைந்துவிட்டன. ஐந்தாம் நாள் வெளியே வந்த மூத்த பெட்டைக்குத் தானே புதியவள் என்ற நிலை. இரண்டு நாள் அடக்கமாக நடந்துகொண்டது. சேவலும் ஓரளவு உதவியது. பெட்டைகளின் பூசலுக்கிடையே புகுந்து நிற்கும் குணம் சில சேவல்களுக்கு உண்டு.

வரிசை நிலைபெற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை முட்டை குறையலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நம் புறக்கடையில் பதினேழாம் நாள் மாலை, இரண்டு வெடைக்கோழிகளும் கூட்டின் ஓரத்தை விட்டு நகர்ந்து மற்றவற்றின் நடுவே படுத்திருந்தன. அம்மச்சியை அழைத்துக் காட்டினோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு மூன்று செய்திகள். நகரத்தில் குடியிருப்போர், கோழி வளர்க்க உள்ளூராட்சி விதிகள் இடந்தருகின்றனவா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கோழிகள் திடீரெனப் பலவாக இறந்தால் வெள்ளைக்கழிச்சல்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதன்முதல் கண்டறியப்பட்டது. கேரளத்தில் 2014-இல் ஆலப்புழைப் பகுதி வாத்துகளில் பரவியது. இரண்டு நோயையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. இறந்தவற்றைக் கையால் தொடாமலும், மிஞ்சியவற்றை விற்காமலும், கால்நடைத் துறைக்கு உடனே அறிவிப்பது கடமை.

மூன்றாவது செய்தி, சொல்லைப் பற்றியது. தமிழில் வெள்ளைக்கழிச்சல் என்பது கேரளத்தில் கோழிவசந்த. கன்னட நாட்டில் கொக்கரெ ரோகம். தெலுங்கில் கொக்கெர தெகுலு. மராத்தியில் கழுத்து முறிதலைக் குறிக்கும் மான்மோடி. இந்தி வழங்கும் பகுதிகளில் ராணிக்கேத். நீங்கள் வாழும் ஊரின் சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் வேலிக்கு அப்பாலிருந்து ஏதேனும் சொன்னால், புரிந்தது போலத் தலையசைக்காமல், அதன் பொருள் என்ன என்று கேளுங்கள். நாம் அன்று ஒரு முறை கேட்டிருந்தால் அம்மச்சியின் ஏழு கோழிகளும் பிழைத்திருக்கும்.